நாலு நாள் பயணம், 33 கிலோ மூட்டை

போன பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் விடுப்பு சேர்த்துக்கொண்டு சென்னை அயனாவரத்திலிருந்து கொல்லிமலைக்குத் தனியாக பைக்கில் கிளம்பினேன். நாலு நாள் திட்டம். இரண்டு நாள் கொல்லிமலை, ஒரு நாள் ஏற்காடு, நாலாம் நாள் வீடு. வண்டி 150 சிசி, வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. அதுவரை நான் போன அதிகபட்ச தூரம் பாண்டிச்சேரிதான், அதுவும் காலையில் போய் ராத்திரி திரும்பியது. எந்த வழியாகப் போவது, எங்கே தங்குவது, எந்த ஊரில் பெட்ரோல் போடுவது என்று ஒரு மாதம் யோசித்தேன். எவ்வளவு சாமான் எடுத்துப்போவது என்று மட்டும் யோசிக்கவே இல்லை. பையில் கொள்கிற வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் கணக்கு. பை கொள்ளாமல் போனபோது இன்னொரு பை வாங்கினேன்.

முந்தின நாள் சாயங்காலம் கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பினேன். மூன்று ஜீன்ஸ், ஆறு சட்டை, மலையில் குளிருமே என்று ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு ஜெர்கின், ஷூ போக இன்னொரு ஷூ, லேப்டாப், கேமரா முக்காலி, எங்கேயாவது ரூம் கிடைக்காவிட்டால் என்று ஒரு கூடாரம், கூடாரம் இருக்கிறதே என்று ஒரு ஸ்லீப்பிங் பேக். வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் என்று ஒரு பை நிறைய ஸ்பானர். அதில் பாதியை எதற்குப் பயன்படுத்துவது என்றே எனக்குத் தெரியாது. அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏண்டா, போர்வை வேண்டாமா?" என்று கேட்டு அதையும் வைத்தாள். கூடவே எவர்சில்வர் டப்பாவில் புளியோதரை. மனைவி மட்டும், "ஏங்க, ஏற்காட்டுல துணிக்கடையே இருக்காதா?" என்றாள். அப்போது அது கிண்டலாகத்தான் பட்டது.

இப்போது நினைத்துப் பார்த்தால் அந்தக் கட்டிலில் கிடந்தவற்றில் பாதிக்கு மேல் சாமானே இல்லை, பயம். ரூம் கிடைக்காதோ, குளிருமோ, வண்டி நிற்குமோ, துணி பத்தாதோ. ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு பொருள் என்று கட்டியிருக்கிறேன். ரூமை நான் ஏற்கெனவே பதிவு செய்து பணமும் கட்டியிருந்தேன், பாருங்கள். அப்படியும் கூடாரம் போனது.

காலையில் நாலரைக்குக் கிளம்பலாம் என்று வண்டியில் ஏறப் போனால் காலே போகவில்லை. பின் சீட்டில் கட்டிய பை என் மார்பு உயரத்துக்கு நின்றது. வழக்கம்போல் வலது காலைப் பின்பக்கமாகச் சுழற்றினேன், பை மேல் உதைத்தேன், வண்டி ஆடியது. கடைசியில் காலை மடக்கி டேங்குக்கும் மூட்டைக்கும் நடுவில் நுழைத்து, குறுக்குச் சந்தில் ஆள் போவதுபோல ஏறி உட்கார்ந்தேன். வண்டியில் ஏறி இறங்கவே இவ்வளவு பாடு என்றால் அந்த மூட்டை அதிகம் என்று அங்கேயே தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு டீக்கும் பெட்ரோலுக்கும் போட்டோவுக்குமாக இருபது தடவையாவது இறங்கி ஏறுவோம். பெருங்களத்தூர் தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோது சைடு ஸ்டாண்டு மண்ணில் புதைந்து வண்டி மெல்லச் சாய ஆரம்பித்தது. டீ மாஸ்டர்தான் ஓடி வந்து பிடித்தார்.

ஜிஎஸ்டி ரோட்டில் செங்கல்பட்டு தாண்டி எண்பதைத் தொட்டதும் ஹேண்டில் லேசாக ஆட ஆரம்பித்தது. பக்கத்தில் ஆம்னி பஸ் கடந்தால் வண்டி முழுசாக ஒரு முழம் நகர்ந்தது. ரோடுதான் சரியில்லை என்று நினைத்தேன். காரணம் திரும்பி வந்த பிறகுதான் எங்கள் மெக்கானிக் சொல்லித் தெரிந்தது. பின் சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிற எடை, சீசா பலகை மாதிரி முன் சக்கரத்தைத் தூக்கிவிடுகிறது. முன் சக்கரம் ரோட்டை அழுத்திப் பிடித்தால்தானே ஹேண்டில் சொன்ன பேச்சு கேட்கும்? போதாததற்கு உயரமாகக் கட்டிய பை பாய்மரம்போலக் காற்றை வாங்குகிறது. டயர் காற்று விஷயத்திலும் கோட்டை விட்டிருந்தேன். என் வண்டிக்குப் பின் டயரில் தனியாள் என்றால் 28 பிஎஸ்ஐ, இரண்டு பேர் என்றால் 32. நான் தனியாகத்தானே போகிறேன் என்று 28 வைத்தேன். பின்னால் ஒரு பத்து வயதுப் பையன் எடைக்கு மூட்டை உட்கார்ந்திருந்ததைக் கணக்கில் எடுக்கவில்லை. ஷாக் அப்சார்பரின் அடியில் உள்ள வளையத்தைத் திருப்பி விறைப்பைக் கூட்டலாம் என்பதும் ஆறு வருஷமாக எனக்குத் தெரியாது. பின்பக்கம் அமுங்கினால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். அந்த இருட்டில் எதிரே வந்தவர்கள் எல்லாம் ஏன் டிம் அடித்துத் திட்டினார்கள் என்பதும் பிறகுதான் புரிந்தது.

மேல்மருவத்தூர் பக்கம் பிளாஸ்டிக் எரிகிற வாடை. யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். இரண்டு கிலோமீட்டர் போயும் வாடை விடவில்லை. நம்மோடுதான் கூடவே வருகிறது என்று உறைத்து ஓரம் கட்டினால், சீட்டின் வலதுபக்கம் தொங்கவிட்டிருந்த சேடில் பேக்கின் அடி உருகி சைலன்சரில் அப்பிக்கொண்டு புகைகிறது. இடதுபக்கம் சாரி கார்டு இருக்கிறது, பை அதன்மேல் சாய்ந்துகொள்ளும். வலதுபக்கம் ஒன்றும் கிடையாது. வீட்டில் கட்டும்போது சைலன்சருக்கும் பையின் அடிக்கும் நாலு விரல் இடைவெளி இருந்தது. ஆனால் பாரம் ஏறி, குலுங்கி, துணிப்பை தொய்ந்து இறங்கும் என்று யார் கண்டது? ஜீன்ஸ் ஒன்று, சட்டை மூன்று, வட்டவட்டமாக ஓட்டை. சட்டைகளுக்கு நடுவில் பவர் பேங்க் இருந்தது. கையில் எடுத்தால் சுட்டது. இன்னும் பத்து நிமிஷம் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பெட்ரோல் டேங்க் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? என் தொடைக்கு நடுவில்.

அந்த இடத்தில் ஒன்றரை மணி நேரம் போனது. உருகிப்போனதைச் சைலன்சரிலிருந்து சுரண்டி எடுத்து, வலதுபக்கத்துச் சாமானை எல்லாம் முதுகுப் பையில் திணித்து, மீதியை இடதுபக்கம் அடைத்துக் கிளம்பினேன். இது அடுத்த முட்டாள்தனம். வண்டி இப்போது இடதுபக்கமாக இழுத்தது, முதுகுப் பை எட்டு கிலோவைத் தாண்டியது. விக்கிரவாண்டி வரும்போது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு கம்பியைச் செருகியதுபோல வலி. முதுகில் ஏதாவது மாட்டித்தான் ஆகவேண்டும் என்றால் தண்ணீரும் பர்ஸும் போதும். முக்காலி, ஸ்பானர், லேப்டாப் மாதிரிக் கட்டியான சாமானை முதுகில் வைத்துக்கொண்டு மல்லாந்து விழுந்தால் அடி நேராக முதுகெலும்புக்கு. உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி என்று நிறுத்தி நிறுத்தி, இருட்டுகிற நேரத்துக்கு ஆத்தூர் போய்ச் சேர்ந்தேன். அன்றைக்கே கொல்லிமலை ஏறுவதாகத் திட்டம். ஆத்தூரில் லாட்ஜ் போட்டது தண்டச்செலவு.

மறுநாள் மல்லியகரை, நாமகிரிப்பேட்டை வழியாக ராசிபுரம் வந்து, சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளி. அங்கிருந்து மலை ஏற்றம், மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல் பத்து வளைவு உற்சாகமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு விஷயம் கவனித்தேன். வலதுபக்க வளைவில் வண்டி சமாளிக்கிறது, ஏனென்றால் நாம் வெளிவட்டத்தில் போகிறோம். இடதுபக்க வளைவு உள்வட்டம். ரோடு சட்டென்று செங்குத்தாகி இடதுபுறம் சரிகிறது. அங்கே முன் சக்கரம் வளையாமல் நேராகப் போகப் பார்த்தது. ஏற்றத்தில் எடை இயல்பாகவே பின்னுக்குப் போகும். என் மூட்டை அதற்குத் துணை நின்றது.

23/70 என்று பலகை. இடது வளைவு. பாதி திரும்பியிருக்கும்போது மேலேயிருந்து பஸ் இறங்கியது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதலிடம் என்பது விதி. ஆனாலும் அந்த வளைவில் பஸ்ஸுக்கு முழு ரோடும் வேண்டும், அதன்மேல் தப்பு சொல்ல மாட்டேன். நின்றேன். இடது காலை ஊன்றினேன். தரை இல்லை. அதாவது இருந்தது, சரிவால் வழக்கத்தைவிட அரை அடி கீழே. கால் தரையைத் தேடுகிற அந்த ஒரு நொடியில் மூட்டை இடதுபக்கம் சாய்ந்தது. சும்மா வண்டி என்றால் இடுப்பைக் கொடுத்து நிறுத்தியிருப்பேன். இது நிற்கவில்லை. நானும் வண்டியும் மெதுவாக, ரொம்ப மெதுவாக, பஸ் ஜன்னலில் இருந்த அத்தனை பேரும் பார்க்க விழுந்தோம். கிளட்ச் லீவர் பாதியில் உடைந்தது, இண்டிகேட்டர் தொங்கியது. கணுக்கால் மடங்கியது. முழங்காலில் சதை பிய்ந்து ரத்தம். மருந்துப் பெட்டி எங்கே? பெரிய பையின் அடியில், கூடாரத்துக்கும் கீழே. முழங்காலைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு, ரோட்டோரத்தில் ஜட்டி பனியனை எல்லாம் பரப்பி வைத்து டெட்டால் தேடினேன். வாய்விட்டு அழவில்லை என்றுதான் சொல்ல முடியும்.

வண்டியைத் தூக்க இரண்டு தடவை முயன்றேன், அசையவில்லை. வாழைத்தார் ஏற்றுவதற்காகக் காலியாக மேலே போய்க்கொண்டிருந்த மினி லாரி ஒன்று நின்றது. டிரைவர் இறங்கி வந்து என்னைப் பார்ப்பதற்கு முன் ரோட்டில் கிடந்த மூட்டைகளைத்தான் பார்த்தார். "ஏனுங்ணா, சோளக்காட்டுச் சந்தைக்குச் சரக்குங்களா?" நிஜமாகவே கேட்டார், கிண்டல் இல்லை. இல்லை, எல்லாம் என் துணிமணி என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து வண்டியை நிமிர்த்தினோம். அத்தனை மூட்டையையும் லாரியில் போட்டுக்கொண்டு, "செம்மேட்டுல இறக்கி வெக்கறனுங், நீங்க மெல்ல வாங்க" என்று போய்விட்டார். காசு கொடுத்தபோது வாங்கவில்லை.

மிச்சம் 47 வளைவு. கிளட்ச் லீவர் பாதிதான் இருக்கிறது, இரண்டு விரலால் பிடிக்கிறேன், கியர் போடும்போதெல்லாம் கணுக்காலில் சுரீர் என்கிறது. அப்படியும் அந்த 47 வளைவுதான் முழுப் பயணத்திலும் நான் நன்றாக ஓட்டிய தூரம். பார்க்கிற பக்கம் வண்டி போனது. இடது வளைவில் ஒரு தடவை கூட முன் சக்கரம் முரண்டு பிடிக்கவில்லை. என் ஓட்டும் திறமைதான் போதவில்லை என்று காலையிலிருந்து என்னை நானே நொந்துகொண்டிருந்தேன். அதே ஆள், அதே வண்டி, அதே ரோடு.

செம்மேட்டில் அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்டுவிட்டார்கள். ஒன்றரை நாள் படுக்கை. ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படி இறங்க வேண்டும், இந்தக் காலோடு எங்கே? அறப்பளீஸ்வரர் கோயிலை மட்டும் நொண்டிக்கொண்டே போய்க் கும்பிட்டேன். ஏற்காடு ரத்து. இறங்கும்போது நாமக்கல்லில் எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு முறிவு இல்லை. லீவர் மாற்றினேன். பெரிய பையையும் கூடாரத்தையும் ஒரு பார்சல் ஆபீஸில் போட்டுச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, பெட்டி இறக்கிய கூலிக்காரன் மாதிரி லேசாக வீடு திரும்பினேன். இந்த யோசனை ஆத்தூரிலேயே வந்திருந்தால் கால் தப்பியிருக்கும். வழியில் எந்த ஊரிலிருந்தும் சாமானை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பது ஏனோ நமக்குத் தோன்றுவதில்லை. ஏற்றிவிட்டோம், சுமந்துதான் ஆகவேண்டும் என்று இருந்துவிடுகிறோம்.

நஷ்டக் கணக்கு: உருகிய சேடில் பேக் 2,800 (வாங்கி ஒரு வாரம்தான்), எரிந்த துணி 2,400, லீவரும் இண்டிகேட்டரும் கூலியோடு 740, எக்ஸ்ரே, டாக்டர், மருந்து 950, பார்சல் 460, ஆத்தூர் லாட்ஜ் 900. ஆக 8,250 ரூபாய். பிரித்தே பார்க்காத கூடாரத்தின் விலை இதில் இல்லை.

பார்சல் வந்து சேர்ந்ததும் ஒரு வேலை செய்தேன். எல்லாவற்றையும் தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், "அண்ணே, விக்கிறதுக்கு இல்ல, சும்மா எடை பாக்கணும்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தராசைத் தள்ளினார். எரிந்ததையும் தின்றதையும் விட்டு 33 கிலோ 200. கூடாரம் 3 கிலோ 200. லேப்டாப் சார்ஜரோடு 2 கிலோ 300. ஸ்பானர் பை 2 கிலோ 100. ஒரு ஜீன்ஸ் மட்டும் 700 கிராம். அப்புறம் போன நாலு நாளும் கையே படாத பொருளை மட்டும் தனியாக வைத்து நிறுத்தோம். 19 கிலோ 300. கடைக்காரர் பேப்பர் விலையில் பெருக்கி ஒரு தொகை சொன்னார்.

மெக்கானிக்கிடம் கதையைச் சொன்னபோது, "இன்னா சார், ஊட்டக் காலி பண்ணிகினு போனியா?" என்று சிரித்துவிட்டு, உருப்படியான சில விஷயம் சொன்னார். வண்டிக்கு எவ்வளவு பாரம் தாங்கும் என்பது கூடவே வந்த புத்தகத்தில் போட்டிருக்கும், அதில் நம் எடையும் அடக்கம். நான் 84 கிலோ, பாதியை நானே எடுத்துக்கொள்கிறேன். கனமான சாமான் தாழ்வாகவும் முடிந்தவரை நம் பக்கமாகவும் இருக்க வேண்டும், லேசானது மேலே, பின்னே. இரண்டு பக்கமும் ஒரே எடை. கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றை அவர் நம்பவே இல்லை. கொக்கி கழன்றால் நேராகப் பின் சக்கரத்துக்குள் போகும், சக்கரம் பூட்டிக்கொள்ளும். "கேஸ் சிலிண்டர் போடறவன், மீன்காரன் எல்லாம் இன்னாத்துல கட்றான் பாத்தியா? சைக்கிள் டியூபு. ரெண்டு டியூபு இருந்தா போதும் சார்." புதுப்பேட்டையில் பெல்ட்டும் பக்கிளும் தேடி அலைந்த எனக்கு ஓசியில் இரண்டு பழைய டியூபை நறுக்கிக் கொடுத்தார். சைலன்சர் பக்கத்துக்கு ஒரு கம்பித் தாங்கியும் வெல்டிங் வைத்துக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்டில் தனுஷ்கோடி போனேன், ஆறு நாள். இந்தத் தடவை 11 கிலோ, தெருமுனைத் தராசில் நிறுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். கட்டிலில் பரப்பியது இந்த முறையும்தான். ஆனால் ஒவ்வொரு பொருளிடமும் ஒரு கேள்வி: நீ இல்லாமல் போனால், வழியில் ஏதாவது ஊரில் ஐந்நூறு ரூபாய்க்குள் உன்னை வாங்க முடியுமா? முடியும் என்றால் வீட்டிலேயே இரு. மாத்திரை, கண்ணாடி, லைசென்ஸ் மாதிரி முடியாதவை முதலில் உள்ளே போயின. துணி, போட்டிருப்பது போக இரண்டு செட். ஆறு நாளானாலும் பதினாறு நாளானாலும் அதுதான், ராத்திரி அலசிப் போட்டால் காலையில் எடுத்துக்கொள்ளலாம். ஜீன்ஸுக்கு இடமே இல்லை, அது ஒரு ராத்திரியில் காயாது. ராமேஸ்வரத்துக் காற்றில் டி-ஷர்ட் ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்தது, கொஞ்சம் உப்பு பூத்திருந்தது, பரவாயில்லை. ஸ்பானர்களில் எனக்குப் பயன்படுத்தத் தெரிந்த மூன்று மட்டும். மருந்துப் பெட்டியும் மழைக்கோட்டும் பையின் வாயிலேயே, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற இடத்தில். பையின் மேல் போடும் மழை உறையை நம்பாமல், துணியைப் பாலிதீன் பையில் சுற்றி உள்ளே வைத்தேன். கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, முழு மூட்டையோடு கோவளம் வரை ஒரு ஓட்டம் போய் வந்தேன். பை எங்கே தொய்கிறது, எது கழல்கிறது என்பது அந்த நாற்பது கிலோமீட்டரிலேயே தெரிந்துவிட்டது. கிளம்பிய அன்றும் தாம்பரத்தில் நிறுத்தி டியூபை ஒரு தடவை இழுத்துக் கட்டினேன். எவ்வளவு இறுக்கினாலும் முதல் அரைமணி நேரத்தில் பை அமுங்கிக் கட்டு தளரும்.

அம்மாவை மட்டும் ஜெயிக்க முடியவில்லை. கிளம்புகிற நேரத்தில் அதே எவர்சில்வர் டப்பா, புளியோதரை, ஒரு கிலோ இருக்கும். திண்டிவனம் வருவதற்குள் தின்று எடையைக் குறைத்துவிட்டேன். கூடாரம் இன்னும் பரண்மேல் கிடக்கிறது. அயனாவரம் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் பாதி விலைக்குத் தருகிறேன், ஆனால் பைக்கில் வந்து எடுத்துப்போவதாக இருந்தால் தரமாட்டேன்.